நாற்பத்திரண்டு, நாற்பது, முப்பத்தெட்டு

நாள் 211 | 07:10 | ஆய்வறை 21°, துளைக்கூடம் 19°

காலைப் பணி. துளைக்கூடத்திலிருந்து இரண்டு பனித்துண்டுகள் மாதிரிக்குழாய் வழியாக வந்து சேர்ந்தன. உப்பு நேற்றைய அளவுதான். சனியின் இந்தத் துணைக்கோளில் எல்லாமே நேற்றைய அளவுதான்.

விதிப்படி எழுத வேண்டியது: நிலையத்தில் இரண்டே பேர். நான் அருள்மலர், பனி வேதியியல், நிலையத் தலைமை, ஊர் நாகர்கோவில். மற்றவர் சென்னியப்பன், துளைப் பொறியாளர், திருப்பூர், வயது முப்பத்தொன்று. இந்தக் குறிப்பு காப்பகத்துக்குப் போகிறது. இதை எடுத்துப் படிக்கப்போகிறவருக்கு என் அனுதாபம்.

புறப்படும்போது மனநல அலுவலகம் ஆளுக்கொரு பொழுதுபோக்குப் பெட்டி கொடுத்தது. அவருக்குச் சதுரங்கம். எனக்குப் பின்னல் ஊசி, சாம்பல் நிற உல்லன் நூல், பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கான கார்டிகன் பின்னும் குறிப்புத்தாள் ஒன்று. தங்கை மகளுக்கு ஆகட்டுமே என்று ஆரம்பித்தேன். ஏழு மாதத்தில் ஒரு சாண்கூட ஏறவில்லை. எனக்கு அதற்கான பொறுமை கிடையாது.

நாள் 212 | 16:45 | ஆய்வறை 17°, துளைக்கூடம் 12°

14:20-க்குப் பனித்தரையில் நடுக்கம். ஆய்வறைக்கும் துளைக்கூடத்துக்கும் இடையிலிருந்த இணைப்புப் பாதை நசுங்கிவிட்டது. உள்ளே காற்றில்லை. நான் இந்தப் பக்கம், சென்னியப்பன் அந்தப் பக்கம். இருவருக்கும் காயமில்லை. பேச்சுக் கம்பி வேலை செய்கிறது.

விண்ணுடை அணிந்து வெளியே போய்ப் பார்த்தேன். துளைக்கூடத்தின் வெளிக்கதவின் மேல் லாரி அளவுக்கு ஒரு பனிப்பாறை. தனியாளாக என்னால் அசைக்க முடியாது. அவருடைய விண்ணுடையும் எங்கள் கம்பளி உடுப்புகளும் இணைப்புப் பாதை அலமாரியில் இருந்தன. எல்லாம் போயிற்று.

அணு மின்கலம் அடிபட்டுப் பாதி சக்திதான் தருகிறது. அதைப் பிரித்துக் கொடுக்கும் பலகை அவர் பக்கம் இருக்கிறது. சரிபாதியாகப் பிரிக்கச் சொன்னேன்.

"பாதிப் பாதிதானுங்க்கா வெச்சிருக்கறன். நீங்க பயந்துக்காதீங்க."

நான் பயப்படவில்லை என்று சொன்னேன். பொய்.

நாள் 213 | 09:30 | ஆய்வறை 15°, துளைக்கூடம் 9°

பூமியிலிருந்து பதில்: "கப்பலத் திருப்பியாச்சு. வந்து சேர அம்பத்தேழு நாள் ஆகும். பாறை வெட்டுற கருவி அதுல இருக்கு. அதுவரைக்கும் ரெண்டு பேரும் எப்படியாவது தாக்குப்பிடிங்க."

துளைக்கூடத்தில் காற்று உண்டு, அவசர உணவு உண்டு, தண்ணீருக்குப் பனி உண்டு. கதகதப்புதான் இல்லை. அது ஆள் தங்குவதற்காகக் கட்டியதல்ல, சுவர் மெல்லியது. அவர் அரைக்கைச் சட்டையோடு மாட்டிக்கொண்டிருக்கிறார்.

எங்களுக்கு நடுவே நசுங்காமல் மிச்சமிருப்பது மாதிரிக்குழாய் ஒன்றுதான். அகலம் நான்கு விரல். என்னிடம் இருந்த இரண்டு போர்வைகளில் ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து அனுப்பினேன். உடம்பில் சுற்றிக்கொண்டாராம். சுற்றியது நழுவிக்கொண்டே இருக்கிறதாம்.

நாள் 214 | 11:00 | ஆய்வறை 14°, துளைக்கூடம் 8°

பின்னலை எடுத்துவிட்டேன். கார்டிகன் என்பது ஐந்து துண்டு: முதுகு, முன்பக்கம் இரண்டு, கை இரண்டு. ஒவ்வொன்றையும் இறுக்கிச் சுருட்டினால் குழாய்க்குள் போகும். அங்கே அவர் தைத்துக்கொள்ளலாம். திருப்பூர்க்காரருக்குத் தையலைச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

அளவு கேட்டேன்.

"மார்பு நாப்பத்திரண்டுங்க்கா. கை இருவத்திநாலு. ஒரு இஞ்சு சேத்துப் போட்டுருங்க, தொவச்சாச் சுருங்குமுங்க."

இங்கே எங்கே துவைக்கப்போகிறார்? நடுக்கத்துக்குப் பிறகு இன்றுதான் சிரித்தேன். சனிக்கோள் வரைக்கும் வந்தாலும் திருப்பூர்க்காரர் சுருக்கத்துக்கு இடம் விடாமல் துணி வெட்டமாட்டார் போலிருக்கிறது.

குறிப்புத்தாளில் முதுகுக்கு எழுபது கண்ணி. என் கைக்கு அங்குலத்துக்கு ஐந்து கண்ணி விழுகிறது, ஆகவே நூற்றைந்து. மடிப்புக் கழுத்தை எடுத்துவிட்டேன், கழுத்து உயரட்டும். பை வேண்டாம், நூல் மிச்சம். பழைய ஒரு சாணைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

நாள் 223 | 15:20 | ஆய்வறை 13°, துளைக்கூடம் 6°

ஒன்பது நாளில் முதுகு முக்கால்வாசி. பொறுமை தானாக வந்துவிட்டது.

நூல் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு வயதுக்காரிக்குக் கொடுத்த நூல் ஆறடி ஆளுக்கு எப்படிப் போதும்? நான் போட்டிருந்த ஊதா சுவெட்டரைக் கழற்றிப் பிரித்தேன். பிரித்த நூல் நெளிநெளியாக வந்தது. நாற்காலிக் காலில் சுற்றி, வெந்நீர் ஆவி காட்டி நிமிர்த்தினேன். இனி என்னிடம் மிச்சம் ஒரு போர்வையும் சட்டையும்தான்; விண்ணுடை மின்னேற்றம் இல்லாமல் சூடு தராது. போதும்.

நாள் 224 | 10:40 | ஆய்வறை 13°, துளைக்கூடம் 6°

ஊதா நூலில் உள்ளங்கை அளவு பின்னி, இழுவை சரியா என்று பார்க்க அனுப்பினேன்.

"அக்கா, இது உங்க சுவெட்டருங்களே."

ஆமாம் என்றேன். உனக்கு ஆறு டிகிரி, எனக்குப் பதின்மூன்று, கணக்குத் தெரியாதா என்று திட்டினேன். பலகையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் போனவர் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

"மறுக்கா அளந்து பாத்தனுங்க்கா. எளச்சுப் போயிட்டன். நாப்பதுக்குப் போட்டாப் போதுமுங்க."

பத்து நாளில் இரண்டு அங்குலம். சாப்பிடு என்று சத்தம் போட்டேன். சாப்பிடுகிறேன் என்றார். முதுகை அடிவரை பிரித்தேன். நூறு கண்ணி.

நாள் 230 | 12:15 | ஆய்வறை 11°, துளைக்கூடம் 4°

"முப்பத்தெட்டு போதுமுங்க்கா. நீளமும் ரெண்டு இஞ்சு கொறச்சுருங்க. கை இருவத்தொண்ணு."

ஆள் இளைக்கலாம். கை எப்படி மூன்று அங்குலம் குட்டையாகும்? கேட்டேன்.

"மொதல்ல தப்பா அளந்துட்டனுங்க. விரலு வெறச்சுப்போயி டேப்பு நிக்கவே மாட்டேங்குது."

துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரின் மகன் அவர். அவர் வாயில் தப்பாக அளந்தேன் என்று வந்தால் குளிர் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். மீண்டும் பிரித்தேன். தொண்ணூற்றைந்து கண்ணி. அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக நானே பிரித்துப் போடுவது போல இருக்கிறது.

நாள் 237 | 14:00 | ஆய்வறை 9°, துளைக்கூடம் 1°

முதுகும் கைகளும் முடிந்தன. முன்பக்கம் பின்னுகிறேன். பொத்தானுக்கு மாதிரிப் புட்டிகளின் சின்ன மூடிகள்.

பொத்தான் துளையை வலது பக்கம் போடச் சொல்கிறான். ஆண்கள் உடுப்புக்கு இடது பக்கம்தானே? எனக்கே தெரிந்தது இவனுக்குத் தெரியாதா?

"வலதுலயே போடுங்க்கா. சொன்னாக் கேளுங்க."

குழப்பம் முற்றுகிறது என்று பூமிக்கு எழுதினேன். கூடவே பேசிக்கொண்டிருங்கள், தூங்க விடாதீர்கள் என்று பதில் வந்தது. பேசுகிறேன். துளையை அவன் சொன்ன பக்கமே போட்டேன். இந்த நேரத்தில் அவனோடு என்ன வாதம்?

அவனை எப்போதிலிருந்து அவன் என்று எழுத ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. திருத்தப் போவதில்லை.

நாள் 241 | 16:30 | ஆய்வறை 8°, துளைக்கூடம் -2°

ஐந்தாவது துண்டும் போய்விட்டது. தைக்க ஊசியும் நூலும் அனுப்பினேன். கிடைத்தது என்றான். நாளைக்குத் தைத்துப் போட்டுக்கொள்வான். இருபத்தேழு நாளுக்குப் பிறகு என் கைக்கு வேலை இல்லை. நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதிவைக்கிறேன்.

நாள் 242 | 10:20 | ஆய்வறை 8°, துளைக்கூடம் -3°

குழாயில் சத்தம். பனித்துண்டு அனுப்புகிறானோ என்று நினைத்தேன். திறந்தால் முதுகுத்துண்டு. பிறகு ஒரு கை. பிறகு இன்னொரு கை. ஐந்தும் வந்துவிட்டன, நான் அனுப்பிய ஊசியும் நூலும் கூடவே. ஒரு தையல்கூடப் போடவில்லை.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கலத்தோட சக்தி நாளுக்கு நாள் எறங்கிட்டே வருதுங்க. நீங்க சுவெட்டரப் பிரிச்ச அன்னிக்கே பலகையில கணக்குப் போட்டுப் பாத்துட்டன். பாதிப் பாதி வெச்சா கப்பல் வர்றதுக்குள்ள ரெண்டு பேருமே வெறச்சுப் போயிருவோம். மொத்தத்தையும் உங்க பக்கம் உட்டா அங்க மூணு நாலு டிகிரி நிக்குமுங்க. ஆனா அதுக்கும் மேலுக்கு ஏதாச்சும் கம்பளி வேணுமுங்களே. நீங்க இருந்ததையும் பிரிச்சுப்போட்டீங்க. உங்களுக்குப் பின்னுங்கன்னா பின்னுவீங்களா? அதனால அளவ மாத்திச் சொன்னனுங்க. அது உங்க அளவுதான். எங்கப்பா நடந்து போற ஆளப் பாத்தே அளவு சொல்லிருவாருங்க. எனக்கும் அது கொஞ்சம் வருமுங்க."

தலைமை அதிகாரி என்ற முறையில் உத்தரவிட்டேன். பலகையைத் தொடாதே என்றேன். துண்டுகளைத் திருப்பிக் குழாயில் திணித்தேன். குழாயின் அவன் பக்கத்து வாயை மூடிவைத்திருக்கிறான், பாதியில் நின்றுவிட்டன. கொக்கியை விட்டு இழுத்து எடுத்தேன். கெஞ்சினேன். இதுவரை வாழ்க்கையில் யாரிடமும் கெஞ்சியதில்லை.

"நேத்தே மாத்தியிருப்பனுங்க்கா. நீங்க முடிச்சுட்டன்னு சந்தோசமாப் பேசுனீங்க. ஒரு நாள் போகட்டும்னு இருந்தன்."

நாள் 242 | 11:05 | ஆய்வறை 10°, துளைக்கூடம் -9°

மாற்றிவிட்டான். வெப்பமானி இங்கே ஏறுகிறது. எட்டு, ஒன்பது, பத்து. இந்த ஏற்றத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பேச்சுக் கம்பியை மட்டும் அணைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தோம். அவனுடைய அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, மருந்து போடுகிறாளா என்று ஊரிலிருக்கும் தன் அக்காவிடம் விசாரிக்கச் சொன்னான். துளைக்கருவியின் மூன்றாவது பல் தேய்ந்துவிட்டது, வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்றான். கை நீளமாக இருந்தால் மடித்து விட்டுக்கொள்ளச் சொன்னான். நான் சரி சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். திட்ட வேண்டும் என்று நினைத்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நாள் 242 | 17:50 | ஆய்வறை 12°, துளைக்கூடம் -24°

"தூக்கமா வருதுங்க்கா."

தூங்காதே என்றேன். பிறகு, தூங்கு தம்பி என்றேன். இரண்டையும் நான்தான் சொன்னேன்.

நாள் 243 | 08:00 | ஆய்வறை 12°, துளைக்கூடம் -38°

மணிக்கொரு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை.

பூமிக்கு "துளைக்கூடத்தோடு தொடர்பு இல்லை" என்று மட்டும் எழுதினேன்.

நாள் 249 | 13:10 | ஆய்வறை 8°, துளைக்கூடம் -55°

தைக்கவில்லை. தொடவும் இல்லை. எனக்குக் கோபம். என்னைக் கேட்டானா? எனக்கு நாற்பத்தாறு வயது, அவனுக்கு முப்பத்தொன்று. யார் யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நான் ராவும் பகலும் பிரித்துப் பிரித்துப் பின்னினேன். அவனுக்காக என்று நினைத்துப் பின்னினேன். அதை ஏமாற்று என்றுதான் சொல்வேன். இதைப் படிக்கிறவர் வேறு பெயர் வைக்க வேண்டாம்.

நாள் 254 | 09:45 | ஆய்வறை 5°, துளைக்கூடம் -60°

விரல் மடங்க மறுக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் ஊசி பிடிக்க முடியாமல் போகும். அப்படிப் போனால் அவன் செய்தது வீண். அதற்காக மட்டும் தைத்தேன். முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கோணல் தையல்.

போட்டுக்கொண்டேன். தோள்பட்டையில் ஒரு நூலளவுகூடப் பிசகில்லை. கைகள் மணிக்கட்டில் சரியாக நின்றன, மடிக்கத் தேவையில்லை. ஏழு மாதம் ஒன்றாக இருந்தோம், அவன் என்னை ஏறிட்டுப் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. பொத்தான் போட்ட பிறகு அழுதேன். அதற்குப் பிறகு வெகுநேரம் அழுதேன்.

நாள் 262 | ஆய்வறை 4°, துளைக்கூடம் -61°

கூப்பிட்டேன். கதகதப்பாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். தெரியட்டும் என்று சொன்னேன்.

வெப்பநிலை எழுத மட்டும் பேனா பிடிக்கிறேன்

நாள் 269 | 10:05 | ஆய்வறை 3°, துளைக்கூடம் -61°

கப்பல் தலைவி சுபைதாவின் குரல், தெளிவாக: "அருள்மலர், நாளைக்கு மத்தியானம் எறங்குறோம். கேக்குதா? படுக்கை, ஆக்சிஜன் எல்லாம் தயார் பண்ணணும். எத்தன பேரு வர்றீங்க? நடக்க முடியுமா?"

பதில் எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒன்று என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். அழித்தேன்.

அனுப்பியது இது:

"இரண்டு பேர். ஒருவர் நடப்பார்."