காறாத கருணை

நாள் 212. காலை 7:10
செவ்வாய், மேட்டுப் பசுங்கூடம். எழுதுவது காந்திமதி, வேளாண் வேதியியல். இங்கே நான் ஒருத்திதான். கருணைக்கிழங்கு மூன்றாம் அறுவடை, நாற்பத்தோரு கிலோ. மாவுச்சத்து, நார்ச்சத்து, இரும்பு எல்லாம் ஊர்க் கிழங்கைவிடக் கூடுதல். காறல் சுத்தமாக இல்லை. நுண்ணோக்கியில் ஊசிப் படிகம் ஒன்றுகூடக் கிடையாது. தொண்டையில் குத்தி அரிக்க வைப்பது அந்த ஊசிகள்தான். அதற்குத்தான் ஊரில் புளி ஊற்றுவார்கள். இங்கே புளிக்கு எங்கே போக? காறலையே ஒழித்துவிட்டேன். பச்சைத் துண்டை நாக்கில் வைத்தேன், அரிக்கவில்லை. எங்கள் வீட்டுச் சோதனை அவ்வளவுதான்.

முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளத்தாக்குத் தளத்துக்கு, மாதிரிக்கு ஒரு கிழங்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஆளில்லா வண்டியில் அனுப்பினேன். அங்கே நாலு பேர். ஒருவன் என் தம்பி மகிழ்நன். எனக்குக் கருணை பிடிக்காது.

நாள் 219. மாலை 4:30
புழுதிக்காற்றில், பேச்சை அனுப்பும் அலைக்கம்பம் முறிந்தது. அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் பேசுவது யாருக்கும் போகாது. மாற்றுக் கம்பம் வர அறுபது நாளாகும்.

தம்பி: "ஏக்கா, கேக்குதா? உன் மசியல் அமிர்தம்க்கா! ரெண்டு வேளையும் அதான்."

திமிராகச் சிரித்துக்கொண்டேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 231. காலை 9:05
தம்பி: "காலு வீங்கியிருக்குக்கா. ஒண்ணுக்கும் சரியாப் போகல."

 மாதிரிக்கு வைத்திருந்த கிழங்கை எடுத்து மறுபடி சோதித்தேன்.

பகல் 1:40
ஊசியாக வேண்டிய ஆக்சலேட் எங்கேயும் போகவில்லை. நீரில் கரைந்த வடிவில் கிழங்கு முழுக்க இருக்கிறது, ஊர்க் கிழங்கைப்போல் பத்து மடங்கு. கரைந்தது நாக்கில் குத்தாது. ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் படியும். நஞ்சு அப்படியே இருக்க, அதைக் கத்திச் சொன்ன வாயை மட்டும் அடைத்திருக்கிறேன். வேகவைத்த தண்ணீரைக் கொட்டினாலாவது பாதி போகும். அங்கே தண்ணீரை யார் கொட்டுவார்கள்? சேர்த்தே மசிப்பார்கள்.

ஊசியை எண்ணினேன், கரைந்ததை அளக்கவில்லை. அறிவுகெட்ட முண்டம்!

நாள் 234. பகல் 12:15
ஆளில்லா வண்டி அங்கேயே நிற்கிறது, நான் ஓட்டும் வண்டி தொண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடாது. மூன்று நாளாகக் கம்பிகளை முறுக்கிக் கூரையில் கட்டி, "கிழங்கைத் தின்னாதீர்கள்" என்று அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.

தம்பி: "அக்கா, சத்தமே இல்லியே. நல்லா இருக்கியா?"

என்னைப் பற்றிக் கவலைப்படுகிறான், பாவி.

நாள் 238. மாலை 5:20
அங்கே வைத்தியம் பார்ப்பது செவிலி பத்மாசனி. அவள்: "காந்திமதி, உனக்குக் கேக்குதோ என்னவோ. மகிழுக்குச் சிறுநீரகம் சரியில்ல. தண்ணியில உப்பு ஏறிடுச்சுன்னு நினைக்கிறேன், தண்ணியக் குறைச்சிருக்கேன். மத்த சாப்பாட்டையும் நிறுத்திட்டு உன் கருணை மட்டும் குடுக்கறேன். காறலே இல்ல, பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம். மருந்துக் கிழங்காச்சே!"

தண்ணீர் குடித்தால் பிழைப்பான். தண்ணீரைக் குறைத்திருக்கிறாள். செத்துக் கிடக்கும் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, குரல் போகும்வரை கத்தினேன். அவள்மேல் தப்பில்லை. "காறாது, பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்று மூட்டையில் சீட்டு எழுதி ஒட்டியவள் நான்.

நாள் 243. காலை 8:00
தம்பி: "அக்கா... வேற எதுவும் இறங்கல. உன் மசியல் மட்டும்... ஊட்டி விடுறாங்க."

வேண்டாம்டா. துப்புடா. வாயை மூடிக்கோடா என் ராசா

நாள் 244. காலை 10:50
பத்மாசனி: "காந்திமதி, மனசத் தேத்திக்கோ. மகிழ் காலைல போயிட்டான். கடைசி வாய்கூட உன் கிழங்குதான், ஆசையாச் சாப்பிட்டான். எங்க மூணு பேருக்கும் கால் வீங்க ஆரம்பிச்சிருக்கு. நீ கவலப்படாத. இன்னும் பதினெட்டு கிலோ இருக்கு. இனிமே மூணு வேளையும் அதையே