இரும்புக் கோட்டுக்கு இரண்டாவது எண்

அடியே,

காலையில் எங்கள் அட்டவணையை ஆய்விதழ்க்காரர் மின்னஞ்சலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரும்பு அணுவின் எக்ஸ் கதிர் நிறமாலைக் கோடு ஒன்றுக்கு நேரே, எண் எவ்வளவு பிழையாக இருக்கலாம் என்று எழுத வேண்டிய வழுக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேனாம். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பாவிட்டால் அந்தக் கோட்டையே நீக்கிவிடுவார்களாம். ஐந்து மாத உழைப்பு. உனக்கென்ன, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

விண்வெளியில் ஒரு வாயு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அந்தக் கோட்டின் பிரகாசத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். அதற்கு அணுவின் கணக்கு முதலில் வேண்டும். நான் வெள்ளவத்தையில் ஒரு முறையில் போடுவேன், நீ கொட்டாஞ்சேனையில் வேறொரு முறையில் போடுவாய். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளிதான் எங்கள் வழு. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து நீ பஸ் ஏறி வரும்வரை ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக்கூடாது. சட்டம் போட்டவள் நீ.

எனக்குப் பொறுமை ஏது? ஒருமுறை, வேறொரு கோட்டுக்கு, போன் எடுத்துக் கெஞ்சினேன்.

"கூடவோ குறையவோ எண்டு மட்டும் சொல்லடி."

"விசர்க் கதை கதையாத. ஞாயிறு வாறன்தானே, ரோல்ஸ் வாங்கி வை."

அந்த ஞாயிறு இரண்டு எண்களும் அப்படியே ஒத்துப்போயின. நான் துள்ளினேன். நீ ரோல்ஸைக் கடித்தபடி முகத்தைச் சுளித்தாய். "எனக்கு இது பிடிக்கேல்ல. எங்களுக்குள்ள இவ்வளவு பொருத்தம் எப்ப வந்தது?" தோண்டிப் பார்த்தால், தொடக்கத்தில் நான் உனக்கு அனுப்பிய சக்திப் பெறுமானம் ஒன்றே பிழை. அதையே இருவரும் நம்பிக் கணக்குப் போட்டிருந்தோம். வந்த வெட்கத்தில் அன்று உன்னை பஸ் ஏற்றிவிடக்கூட நான் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் குறுகுறுக்கிறது.

இந்தக் கோட்டை நீ தொடங்குவதற்குள் நெஞ்சுவலி வந்துவிட்டது. எங்கள் சைவ வீடுகளில் செய்யும் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தபின் என்று சொல்ல உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இல்லையே, முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் உன் மகன் உன் கணினியைக் கொண்டுவந்து தந்தான். உன் முறையை அதிலிருந்து பழகி, உன் கணக்கையும் நானே போட்டேன். என் எண்ணை மறந்தவள்போல நடித்துக்கொண்டு போட்டேன். நேற்று விடை வந்தது. ஒத்துப்போகிறது.

சந்தோஷப்பட முடியவில்லையடி. என்னோடு ஒத்துப்போனதும் நான்தானே. மிகச் சிறிய வழு என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. எழுதக் கை போனது. கடைசியில் 'ஒருவர் மட்டும் கணக்கிட்டது' என்று எழுதி அனுப்பிவிட்டேன். நீக்கினால் நீக்கட்டும்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகம் மட்டும்தான். விடை சரியாக வந்தால் சிரிப்பதற்கு முன் பயம் வருகிறது. எங்கே பிழை என்று காட்டி ஏசத்தான் ஆளில்லை.