படிவத்தில் வைத்தால் வரும் பெயர்

இன்று காலை கணினித் திரையில், பெயர் நிரப்பும் பெட்டியை இழுத்து வெற்றுப் படிவத்தில் விட்டேன். உன் பெயர் வந்தது. நடுவில் ஏ/எல், இன்னார் மகன் என்பதற்கு. பிறகு உன் அப்பாவின் பெயர். சாம்பல் எழுத்தில், மாதிரிக்காக.

நிரல் ஓடத் தொடங்கினால் அது மறைந்துவிடும். படிவம் வரைபவர்களுக்கு மட்டுமே நீ தெரிவாய்.

பிரிக்பீல்ட்ஸ் மாடி அலுவலகத்தில் நாம் இருவரும் செய்த பெட்டி. கடையில் வாங்கிய பெட்டிகள் எல்லாம் குடும்பப் பெயர் கேட்டன. நமக்கு ஏது அது? "சர்நேம்ல அப்பா பேர போட்டா, கிளினிக்ல எங்கப்பாவத்தான் ஊசிக்குக் கூப்பிடுறாங்க மச்சான்" என்றாய்.

ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்று அதை வாங்கியது. அவர்கள் படிவத்தில் வைத்ததுமே திரை உறைந்தது. வரையும்போதே பெட்டி தரவுத்தளத்தைத் தேடிப் போயிருக்கிறது. ஒரு வரி போதும்: இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்றால் எங்கும் போகாதே, மாதிரிப் பெயரைக் காட்டு. எழுதினாய். மாதிரிக்கு உன் பெயரையே போட்டுச் சிரித்தாய்.

அந்த வரியை அவர்களுக்குப் போனிலேயே சொல்லேன் என்றேன்.

"நாம எழுதின சோர்ஸ் கோடு வெளிய போகக் கூடாதுன்னு பாஸ் சொல்லிட்டாரு லா. டிஸ்கெட்ட கொடுத்துட்டு வந்துடுறேன்."

மழை. உன் மோட்டார் சைக்கிள். பெடரல் ஹைவே. ஒரு லோரி.

ஒரு வரிக்காக.

பாஸ் மலர்வளையம் அனுப்பினார். அடுத்த வாரம் என் மேசைக்கு வந்து, அந்தப் பெயரை எடுத்துவிடு, கஸ்டமர் பார்த்தால் நன்றாக இருக்காது, எல்லாரும் மாதிரிக்குப் போடுகிற அலி பின் அபு என்று போடு என்றார். சாதாரணக் குரலில். அந்தக் குரலை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன்னையும்தான். சரி பாஸ் என்று ஹெல்மெட்டை எடுத்தாயே. மழை விடட்டும் என்றுகூட உனக்குச் சொல்ல வரவில்லை. எங்கே படித்தாய் அந்தப் பணிவை?

பெயரை நான் எடுக்கவில்லை. வெளியே போகும் ஒவ்வொரு டிஸ்கெட்டிலும் இப்போது சோர்ஸையும் வைக்கிறேன். பாஸுக்குத் தெரியாது.

மதியம் கிள்ளானிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அவர்கள் படிவத்தில் பெட்டியின் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறதாம். "ஆள் அனுப்புறீங்களா அண்ணே? பெட்டிய வச்சா ஒரு பேரு வருதே, அது யாரு?"

"செஞ்சவன்."

"அப்ப அவரயே அனுப்புங்களேன்."

ஜன்னலுக்கு வெளியே தூறல் தொடங்கியிருந்தது. பாஸின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"யாரும் வரமாட்டாங்க. டிஸ்கெட்டுல சோர்ஸ் இருக்கு, திறங்க. மாத்த வேண்டிய வரிய நான் சொல்றேன்."