முத்துவின் பக்கத்தில் ஏற்றிய விளக்கு

என் முத்துத் தம்பிக்கு,

உன் வருஷ திதி முடிந்து இரண்டு மாதமாகிறது. அழுதுகொண்டு எழுதவில்லை. கோபத்தில் எழுதுகிறேன். அதில் உனக்கும் பங்கு உண்டு.

உன் கை ஆடத் தொடங்கிய பிறகு, கை நடுங்குகிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ள ஓர் இணையப் பக்கம் அமைத்தாய். எழுத்து பெரிது, பட்டன் அதைவிடப் பெரிது. மவுஸ் அம்பு பட்டன் மேல் வந்தால் கையாக மாறவேண்டும், அதுவே போதுமான அலங்காரம் என்பாய். அதன் பாஸ்வேர்டை உன் கூட்டாளி மணியிடம் மட்டும் ஏன் கொடுத்தாய்? கல்லூரியில் பாடம் நடத்துகிற அக்காவுக்குப் புரியாது என்றா?

திதியன்று மணி அம்பை எடுத்துவிட்டுக் குத்துவிளக்குப் படம் வைத்தான். மவுஸை நகர்த்தினால் விளக்கு நகரும். அது எடுப்பாகத் தெரியப் பட்டனையும் சின்னதாக்கினான். அம்மா அழுதாள். எனக்குச் சகிக்கவில்லை, ஆனாலும் வாய் திறக்கவில்லை.

போன வாரம் ஏலூரிலிருந்து ராஜப்பண்ணன் ஃபோன் செய்தார். அங்குள்ள நெட் கஃபேக்குப் போய் உன் பக்கத்தில் தினமும் நாலு வரி எழுதுவாரே, அவர்தான்.

"மோளே, பட்டனை அமுக்கி அமுக்கிப் பாக்கறேன், ஒண்ணும் ஆகல. என் கை தீரே போச்சு, முழுசாப் போச்சு. இனி எழுதலேன்னு சொல்லத்தான் விளிச்சேன்."

நீயும் மணியும் நடத்திய மட்டாஞ்சேரி கம்ப்யூட்டர் கடைக்குப் போய் நானே அமுக்கிப் பார்த்தேன். என் கை நடுங்காது. எனக்கும் வேலை செய்யவில்லை. நாம் சுடரைப் பட்டன் மேல் வைக்கிறோம். கம்ப்யூட்டரோ படத்தின் இடது மேல் மூலையைத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்த வெற்று மூலை பட்டனுக்கு வெளியே விழுகிறது.

"மணி, இதை எடு."

"அவன் ஓர்மைக்கு ஏத்தின வெளக்கு சேச்சி. அணைக்கச் சொல்றீங்க. நல்ல அக்கா!"

"ராஜப்பண்ணன் தன் கை செத்துப்போச்சுன்னு நெனைச்சிட்டாருடா."

"நடுங்கற கைதானே? அதுக்கு மவுஸ் என்ன செய்யும்?"

உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான், முத்து. "எழுந்திரு" என்றேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பக்கத்தின் தோற்றத்தை எழுதிவைக்கும் ஸ்டைல் ஷீட்டில், கர்சர் என்கிற அந்த அம்புக்கென்று ஒரே ஒரு வரி. அழித்தேன். அம்பு வந்தது. பட்டன் மேல் கொண்டுபோனதும் கை வந்தது. பட்டனைப் பழையபடி பெரிதாக்க மணிதான் சொல்லித்தந்தான், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

உடனே ராஜப்பண்ணனைக் கூப்பிட்டு, கெட்டிருந்தது உங்கள் கையல்ல என்றேன். "சமாதானத்துக்குச் சொல்லாதே மோளே" என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் அவர் தன் கையை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்? அவராவது சொன்னார். சொல்லாமலே ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்? அன்றைக்கே நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா?

நாளை ஏலூர் போகிறேன். ராஜப்பண்ணன் தன் கையாலேயே அமுக்கி, எழுதியது திரையில் வரும்வரை அருகில் இருப்பேன். பிறகு, எழுதுவதை நிறுத்திய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சொல்வேன். பாஸ்வேர்ட் இப்போது என்னிடம் இருக்கிறது.

உன்னோடு இன்னும் சண்டை தீராத
அக்கா