சனிக்கிழமைக் கம்ப்யூட்டர்

நங்கையா,

இன்று மத்தியானம் உங்கள் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு வாசம் வந்தது. வருடக்கணக்கில் அடைந்து கிடந்த தூசியும் எப்போதோ சூடுபட்ட பிளாஸ்டிக்கும் கலந்த வாசம். சனிக்கிழமை காலைகளில் நீங்களும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும்போது நம் கால்மாட்டிலிருந்து வருமே, அதே வாசம்தான். சின்ன விசிறிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை ஓடுகள் கிடந்தன. நீங்கள் இருந்திருந்தால் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை எடுத்து ஓரமாக வைக்கச் சொல்லியிருப்பீர்கள். ஓரமாகத்தான் வைத்தேன்.

உங்கள் கம்ப்யூட்டர் என்று நான் எழுதுவதை உங்கள் தம்பி, அதுதான் என் வீட்டுக்காரர், ஒத்துக்கொள்ள மாட்டார். லேத் பட்டறைக்கு பில் போட இவர் வாங்கியதுதானே அது. பட்டறைக்குப் புதிது வந்ததும் இது பீளமேட்டு வீட்டுக்கு வந்தது. அந்த வருடம்தான் நீங்களும் அந்தியூர்த் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு இருக்க வந்தீர்கள். உங்கள் ஒரே மகள் மீனா கல்யாணமாகி அமெரிக்கா போயிருந்தாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு அதை யாரும் தொடவில்லை. அட்டாலிப் பரணில் ஏற்றி, பழைய சேலையால் மூடி வைத்திருந்தேன். அதை இப்போது இறக்கியதற்குக் காரணம் மீனாதான்.

சொந்த வீடு வாங்கியிருக்கிறாள், நங்கையா. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். திரும்பும்போது உங்கள் படம் ஒன்றைக் கொண்டுபோய் அந்த வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டுமாம். நம் ஹாலில் மாட்டியிருக்கும் படத்தை போனில் பிடித்து அனுப்பினேன். பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். எடுத்ததும் கேட்டாள்:

"ஏனுங்கத்தை, எங்கம்மா இப்படியா இருந்தாங்க?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கிய படம் அது. வரிசையில் யாரோ குறுக்கே புகுந்துவிட்டதைப் பார்த்துக்கொண்டிருக்கும் முகம். ஸ்டுடியோக்காரர் கன்னத்தில் வேறு ரோஸ் நிறம் பூசிவிட்டார்.

"வேற ஒண்ணு இல்லீங்களா அத்தை?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேடிப் பார்க்கிறேன் என்றேன். எங்கே தேடுவது? எத்தனை கல்யாண ஆல்பங்கள் இருக்கின்றன வீட்டில், ஒன்றிலாவது நீங்கள் நேராக நின்றிருக்கிறீர்களா? உங்கள் வீட்டு அண்ணன் இருந்த காலத்துப் படங்களில் அவருக்குப் பின்னால் பாதி முகம். அண்ணன் போன பிறகு அதுவும் இல்லை. மண்டபத்தில் எல்லோரும் மணமேடைக்குப் படமெடுக்கக் கிளம்பும்போது நீங்கள் சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்துவிடுவீர்கள். நான் கையைப் பிடித்து இழுத்தாலும், "நான் எதுக்கு அம்மணி அதுல, நீ போ" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். யாரும் உங்களைப் போகச் சொன்னதில்லை. யாரும் வலுவாக நிற்கச் சொன்னதும் இல்லை.

ரேஷன் கார்டுக் கேமராவை விட்டால், உங்களை நேருக்கு நேர் பார்த்த ஒரே கேமரா இந்தக் கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த உருண்டைக் கேமராதான். அதை நீங்கள் கேமரா என்றே நினைக்கவில்லை. உங்களுக்கு அது மீனா வீட்டு ஜன்னல்.

அங்கே வெள்ளிக்கிழமை சாயந்திரம், நமக்குச் சனிக்கிழமை காலை. இட்லிப் பானையை இறக்கிவிட்டு, குளித்து, பெட்டியிலிருந்து எடுத்த சேலை கட்டி வந்து உட்காருவீர்கள். மீனாவின் முகம் திரையில் கட்டம் கட்டமாக உடைந்து சேரும்.

"சாப்டியா கண்ணு? இளைச்சுப்போட்டயே."

"அம்மா, படம் தெளிவாவே இல்ல. எப்படிங்கம்மா இளைச்சது மட்டும் தெரியுது?"

"எனக்குத் தெரியுது. நீ சும்மா இரு."

மாப்பிள்ளை திரைக்குள் வந்தால்தான் வேடிக்கை. மாப்பிள்ளை முன்னால் உட்காருவதா என்று சட்டென்று எழுந்து நின்றுவிடுவீர்கள். "வாங்க மாப்ளை, உக்காருங்க" என்று நின்றபடியே உபசரிப்பு நடக்கும். அந்தப் பக்கம் அவருக்குத் தெரிவது உங்கள் சேலைக் கொசுவம் மட்டும்.

"அம்மா, உக்காருங்கம்மா. அவரு உங்க சேலைகிட்டப் பேசிட்டு இருக்காரு."

"இருக்கட்டும் கண்ணு. சேலையும் நானுந்தான?"

நான் மவுஸைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். நீங்கள் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளுவீர்கள்.

அந்தக் கேமராவின் தலையில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் ஒரு படம் எடுத்து உள்ளே சேமித்துக்கொள்ளும். உங்களுக்கு அது தெரியாது. மீனா "தெரியலீங்கம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எட்டி அதன் மண்டையைப் பிடித்து உங்கள் பக்கம் திருப்புவீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு படம் விழுந்துவிடும். ஒருநாள் வேறு எதையோ தேடும்போது அந்தப் படங்களைப் பார்த்தேன். சொன்னால் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்வீர்கள் என்று சொல்லாமலே விட்டேன். அதில் ஒன்றில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்ததாக எனக்கு நன்றாக நினைவிருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, மேல்வரிசைப் பல் முழுக்கத் தெரிய, சேலைகூடச் சிரிக்கும் சிரிப்பு என்று நான் பெயர் வைத்திருந்த அந்தச் சிரிப்பு. அந்த ஒன்று கிடைத்தால் போதும், மீனாவுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் அட்டாலி ஏறினேன். உங்கள் காரியத்துக்கு அவளால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. அவள் உங்களைக் கடைசியாகப் பார்த்ததும் அந்தத் திரையில்தான். சுவரில் மாட்ட அவளுக்கு ஒரு நல்ல முகமாவது கிடைக்க வேண்டாமா?

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே நின்றது. விட்டு விட்டு நீளமாக ஒரு பீப் சத்தம். ஹாலிலிருந்து இவர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, வலிக்குதுன்னு சொல்லுது பாரு. உக்கடத்துல எடைக்குப் போட்டுரலாம், உடு."

"நீங்க சித்த சும்மா இருங்க."

எங்க அம்மணி கம்ப்யூட்டருக்குப் படிச்சவ என்று நீங்கள் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தீர்கள். மிக்ஸி நின்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவீர்கள். இது எனக்குத் தெரியாது நங்கையா என்றால், "அத்தாப்பெரிய பொட்டியே தெரியுது, இந்தச் சின்னது தெரியாதாக்கும்?" என்பீர்கள். படித்ததெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. அந்த பீப் சத்தத்துக்கு மெமரி சரியாகப் பொருந்தவில்லை என்று பொருள் என்பது மட்டும் ஞாபகம் வந்தது. அந்த மெமரிப் பட்டையை உருவி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினேன். திரையில் எழுத்து வந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி செத்துப்போனதால் தேதி எங்கேயோ பின்னால் போயிருந்தது. அது போகட்டும் என்று அடுத்த வரியைப் படித்தேன். ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது.

அப்போதுதான் பயம் வந்தது. மற்றது எது கெட்டாலும் வேறு வாங்கிவிடலாம். நீங்கள் இருப்பது அந்த டிஸ்கில்தான். பட்டை வயரைக் கழற்றி மாட்டினேன். இல்லை என்றது. தூசியை ஊதி மறுபடி மாட்டினேன். இல்லை. அதே வயரின் நடுவில் இன்னொரு செருகி இருப்பதைப் பார்த்து அதில் மாட்டினேன். உள்ளே ஏதோ கரகரத்துச் சுழல ஆரம்பித்தது. வெகுநேரம் கழித்து அந்தப் பழைய வரவேற்பு இசை வந்தது. அது கேட்டதும் முந்தானையைச் சரிசெய்து நிமிர்ந்து உட்காருவீர்களே, என் கையும் தானாக முந்தானைக்குப் போயிற்று.

படங்கள் இருந்தன. பாதிக்கு மேல் நம் வீட்டு மின்விசிறி. காலண்டர். பிறகு சேலைகள், வரிசையாகச் சேலைகள். அந்த அரக்கு பார்டர் போட்டது, மீனா வளைகாப்புக்கு எடுத்தது, நீங்கள் எனக்கே கொடுத்துவிட்ட பச்சை. மாப்பிள்ளை வந்த நாட்களெல்லாம் கணக்காக அங்கே இருந்தன. முகம் விழுந்திருந்தவை கொஞ்சம்தான். அவை எல்லாவற்றிலும் உங்கள் கை நீண்டு படத்தின் மேல்பாதியை மறைத்துக்கொண்டு நின்றது. கைக்குக் கீழே உங்கள் முகம், மிக அருகில், கண்ணைச் சுருக்கி, வாய் லேசாகத் திறந்து, தெரியுதா கண்ணு என்று கேட்டபடி.

சிரிப்பு ஒன்றில்கூட இல்லை. ஆரம்பத்திலிருந்து மறுபடியும் பார்த்தேன். யோசித்தால் அது இருந்திருக்கவும் முடியாது. மகள் தெரியாதபோதுதான் அந்தப் பொத்தானைத் தொடுவீர்கள். தெரிந்த பிறகுதான் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இத்தனை வருடம் அதைப் படம் என்று நினைத்து வைத்திருக்கிறேன்.

இருப்பதில் தெளிவான ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி இவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அக்கா" என்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "மொகம் நல்லாத்தான் விழுந்திருக்குது. இந்தக் கை வந்து கெடுக்குது. ஸ்டுடியோல குடுத்தா கையை எடுத்துப்போடுவாங்க. அப்பறமா அனுப்பலாம்" என்றார்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் மீனா காத்திருக்கிறாளே என்று, வந்தபடியே அனுப்பிவிட்டேன். மனசுக்குள் ஒரு மன்னிப்பும் தயார் செய்து வைத்திருந்தேன், வேறு நல்லது கிடைக்கவில்லை கண்ணு என்று.

சாயந்திரம் கூப்பிட்டாள். முதலில் அழுதாள்.

"இதுதானுங்கத்தை எங்கம்மா" என்றாள். "இப்படித்தான் கிட்ட வந்து வந்து பார்ப்பாங்க. எனக்கு இந்த மொகம்தான் ஞாபகம். நீங்கல்லாம் பார்த்த மொகம் வேற. அவங்க எதுத்தாப்பல உக்காந்திருந்தது நான்தானுங்க."

"கையை எடுத்துரலாம்னு மாமா சொல்றாரு கண்ணு. ஸ்டுடியோல சொன்னா சுத்தமா எடுத்துக் குடுத்துருவாங்களாம்."

"ஐயோ வேண்டாங்கத்தை. அந்தக் கை என்னையப் புடிக்கறதுக்குத்தான வருது. அதை எடுத்துப்போட்டு நான் என்னத்தை மாட்டறது?"

ஆகவே கையோடுதான், நங்கையா. பிரேம் போட நாளைக்குக் காந்திபுரம் போகிறேன். ஒன்று மீனா வீட்டுக்கு, ஒன்று நம் ஹாலுக்கு. ரோஸ் கன்னத்துப் படத்தை இறக்கிவிடப் போகிறேன். வருகிறவர்கள் இதென்ன இப்படி ஒரு படம் என்று கேட்பார்கள். கேட்கட்டும், சொல்ல என்னிடம் கதை இருக்கிறது.

இன்னும் ஒன்று மட்டும் எழுதிவிடுகிறேன். அந்தச் சனிக்கிழமைகளில் பேச்சு முடிந்ததும் திரையில் அழைப்பை முடிக்கும் சிவப்புப் பொத்தானை நீங்கள் ஒருநாளும் அமுக்கியதில்லை. பெற்ற பெண்ணை நானே எப்படி அனுப்புவது என்பீர்கள். மீனாவும் அமுக்க மாட்டாள். "வாரேங்கம்மா" என்பாள். "வா கண்ணு" என்பீர்கள். அதற்குப் பிறகு இருவரும் பேச ஒன்றுமில்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். கடைசியில் நான்தான் மவுஸை நகர்த்துவேன். அந்த நேரம் மட்டும் நீங்கள் வாசல் பக்கம் திரும்பிக்கொள்வீர்கள்.

இன்று பேசி முடித்ததும் மீனா, "வாரேங்கத்தை" என்றாள்.

"வா கண்ணு" என்றேன்.

அவள் வைக்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு பாத்திரச் சத்தம். அங்கே காலை வேலை ஆரம்பமாகிவிட்டது. என் கட்டைவிரலுக்குக் கீழேதான் அந்தச் சிவப்பு வட்டம் இருந்தது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றேன்.

இவர் எட்டிப் பார்த்து, இன்னுமா பேசுகிறாய் என்று சைகையில் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.