ஃபாலோ பாக்கி

ஜூன் 8, ஞாயிறு

இன்றும் சாம்சனிடம் தோற்றேன். சாக்பீஸ் தேய்த்து ஆடும் விளையாட்டு உலகத்தில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை. இருபது வருடம் சாக்பீஸ் பிடித்த வரலாற்று ஆசிரியனுக்கு அதில்கூட ஒரு சலுகை இல்லை.

சாம்சன் கத்தாரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். சென்னையில் மூடிப்போன ஒரு கிளப்பின் பழைய பில்லியர்ட்ஸ் மேஜையை வாங்கி வந்து, உத்திரமேரூர் பஜாரில் உரக்கடைக்கு மேல்மாடியில் போட்டார். வாசலில் ஆங்கிலத்தில் 'POOL' என்று போர்டு வைத்தார். முதல் வாரம் ஒருவர் தோளில் துண்டோடு வந்து குளம் எங்கே என்று கேட்டாராம்.

யார் யார் சபைக்கு வரக் கூடாது என்று சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் இது. சாம்சனும் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். எச்சில் துப்பக் கூடாது. மேஜை மேல் உட்காரக் கூடாது. கறுப்புக்கு ஃபாலோ உண்டு.

கடைசி விதி கேரம் தந்தது. ஆளுக்கு ஏழு பந்து, நடுவில் ஒரு கறுப்பு. கேரமில் சிவப்பைப் போட்டால் அடுத்து சொந்தக் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், அதுதான் ஃபாலோ. இங்கே கறுப்புக்கும் அதே சட்டம். கடைசிவரை ஒரு சொந்தப் பந்தை விட்டு வைப்பவன் கெட்டிக்காரன். வெள்ளைப் பந்துக்குப் பெயர் ஸ்ட்ரைக்கர். கத்தாரிலும் இப்படித்தான் ஆடுவார்கள் போலிருக்கிறது.

இனி முறையாகக் கற்பது என்று முடிவு செய்தேன். செல்போனை ஜன்னலில் சாய்த்து என் ஆட்டத்தை வீடியோ எடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தபோது என் மனைவி இளவரசி பின்னால் வந்து நின்றாள்.

"அடிச்சதும் தலைய தூக்கிடறீங்களே, யாராவது கூப்டாங்களா?"

திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தூக்குகிறேன். யாரும் கூப்பிடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இளவரசி வந்தாள். பெண்கள் வரக் கூடாது என்று சுவரில் இல்லை. எழுத வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

"வாங்க சிஸ்டர்" என்று சாம்சன் மேஜையைத் துடைத்தே விட்டார். எனக்கு ஒருநாளும் துடைத்ததில்லை. அவள் இந்தச் சுற்று வட்டாரத்துக்கே கிராம சுகாதார செவிலியர். திருப்புலிவனத்திலிருந்து காவாந்தண்டலம் வரை அவளுக்கு வணக்கம் வைக்காத வாசல் குறைவு.

நர்சிங் ஹாஸ்டலில் கேரம் ஆடியவள் என்பது தெரியும். இவ்வளவு ஆடுவாள் என்பது கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் கழித்து உரக்கடை மாடியில் தெரிய வந்தது. ஸ்டிக்கைப் பிடித்ததும், யாரும் சொல்லாமலே, மோவாய் அதில் படுகிற அளவு குனிந்தாள். கண் பந்தின் மட்டத்துக்கு வந்தது. அடித்த பிறகும் அப்படியே இருந்தாள், பந்து விழுந்த சத்தம் கேட்கும்வரை.

பெஞ்சில் இருந்த சடையப்பன், "ஊசி போடற மாதிரியே கீது. வலிக்கவேயில்ல, வுழுந்துடுச்சி" என்றார். இவர் நிலம் நீச்சு உள்ளவர், ஸ்டிக்கைத் தொட்டதில்லை. தினமும் வந்து கருத்து மட்டும் சொல்வார்.

எல்லோரும் சிரித்தோம். அவளும்.

ஜூன் 22, ஞாயிறு

பின்கையை இறுக்கிப் பிடிக்காதே, முட்டையைப் பிடிப்பது போலப் பிடி என்று இன்று அவளிடம் சொன்னேன். அடுத்த அடியிலேயே செய்தாள். நீளமான மூலையில் பந்து போய் விழுந்தது. "ஆமாங்க, இப்ப நேரா போவுது" என்றாள்.

நான் சொன்ன ஒன்றை ஒருவர் உடனே செய்து பார்த்து, அது சரியாக வந்து, அதை வாய்விட்டும் சொன்னது என் ஆசிரியப் பணியில் இதுவே முதல் முறை. சம்பளம் வாங்காத இடத்தில் நடந்திருக்கிறது.

வரும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து சொன்னாள்: "அந்த ஒரு மணி நேரம் யாருக்கு சுகர், யாருக்கு மாசம் எத்தினின்னு எதுவும் மண்டையில ஓடலங்க. பந்து மட்டுந்தான் கீது."

வீட்டுக்கு நேராகப் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அவள் ஏனென்று கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

பெஞ்ச் நிறைந்திருந்தது. சாம்சன் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். எல்லாம் மேஜையின் ஒரே பக்கம். அவள் எந்தப் பக்கம் குனிகிறாளோ அதற்கு நேர் பின்னால்.

சடையப்பன் என் காதருகே வந்தார். "வாத்தியாரே, ஞாயித்துக்கெழமன்னா கூட்டம் கூடிடுது பாரு. எல்லாம் கேம் பாக்கத்தான்."

கண்ணைச் சிமிட்டினார். நான் சிரித்தேன்.

எதற்குச் சிரித்தேன்? அந்த நேரத்தில் முகத்தை வைத்துக்கொள்ள வேறு இடம் தெரியவில்லை. இவ்வளவுதானா என் படிப்பு?

வீட்டில் வீடியோ பார்த்தோம். அவள் தன் முழங்கையைப் பார்த்தாள். நான் பின்னால் இருந்த முகங்களைப் பார்த்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

போவதற்கு முன் வீட்டிலேயே சொல்லிவிட்டேன். "இவ்வளவு குனிய வேணாம். உன் உயரத்துக்கு அது சரிப்படாது. நிமிர்ந்து நின்னு அடி."

"யூடியூப் வீடியோவுல எல்லாரும் குனியறாங்களே?"

"அவங்கல்லாம் உயரம். குள்ளமா இருக்கிறவங்க குனிஞ்சா கோணம் மாறிடும். முதுகுக்கும் நல்லதில்ல."

கோணம் என்ற சொல் நன்றாக வேலை செய்தது. என் மீதுள்ள நம்பிக்கையில் தலையாட்டினாள். கூட்டத்தை விலக்கச் சொல்ல வேண்டியவன் வடிவகணிதம் பேசினேன்.

ஜூலை 13, ஞாயிறு

நிமிர்ந்து ஆடினாள். ஒன்றும் விழவில்லை.

"இன்னா தப்பு பண்றேன், பாத்து சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். முழங்கை வெளியே போகிறது, மணிக்கட்டு திரும்புகிறது, வலது காலைக் கொஞ்சம் பின்னால் வை. எல்லாம் உண்மைதான். நிமிர்ந்து நிற்பவருக்கு இவையெல்லாம் நடக்கத்தான் செய்யும்.

பெஞ்சில் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. என் யோசனை வென்றது. கொண்டாட ஆள் இல்லை.

ஜூலை 17, வியாழன்

பள்ளி விட்டு வந்தால் சாப்பாட்டு மேஜையில் மாப் கட்டையை வைத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்றபடி.

ஜூலை 27, ஞாயிறு

காஞ்சிபுரத்தில் ஆகஸ்டு 17 ஜோடிப் போட்டி. ஓர் ஆண், ஒரு பெண். மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். சாம்சன் எங்களைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டார். "நம்ம ஊர்ல வேற ஜோடி ஏது சார்?"

இளவரசியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மேலதிகாரிக்குப் போன் போட்டு அந்த ஞாயிறு மருத்துவ முகாமுக்கு வேறு ஆள் போடச் சொல்லி இப்போதே அனுமதி வாங்கிவிட்டாளாம். லீவு கேட்க நாக்கு வராதவள் அவள்.

"முன்ன இருந்த கை திரும்பி வரணுங்க" என்றாள். "எங்க போச்சின்னே தெரியல."

ஆகஸ்டு 10, ஞாயிறு

இன்று சொல்லியிருக்கலாம். மாடியில் எங்களையும் சாம்சனையும் தவிர ஆளே இல்லை. 'குனிந்தே ஆடு, நான் சொன்னது பொய்.' அவ்வளவுதான். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள். சடையப்பன் கண்ணடித்ததையும் நான் சிரித்ததையும் சொல்ல வேண்டி வரும். முதலாவதைச் சொல்லிவிடுவேன்.

சொல்லவில்லை.

படியிறங்கும்போது கேட்டாள்: "அங்கயும் ஃபாலோ உண்டான்னு ஒரு வார்த்த கேட்டு வைங்க."

"விளையாட்டுன்னா விதி எல்லா ஊர்லயும் ஒன்னுதான்" என்றேன்.

ஆகஸ்டு 17, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

காஞ்சிபுரத்து மண்டபத்தில் நிறைய மேஜைகள். நிறையப் பெண்கள். பக்கத்து மேஜையில் ஜெனிஃபர் என்று ஒரு பெண். இளவரசியின் தோள் உயரம்தான் இருப்பாள். ஸ்டிக்கை எடுத்தாள், மோவாய் அதில் பதியக் குனிந்தாள், அடித்தாள், விழுந்தது. யாரும் நாற்காலியைத் திருப்பிப் போடவில்லை. அவள் ஜோடிக்காரன் அவளைப் பார்க்காமல் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இளவரசி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சாக்பீஸ் தேய்த்தேன்.

எங்கள் முறை வந்ததும் அவள் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். குனிந்தாள். ஜூன் மாதத்துக் கை அப்படியே திரும்பி வந்தது. எங்கேயும் போகவில்லை, நான்தான் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நான் விட்டதையெல்லாம் அவள் எடுத்தாள். கடைசியில் எங்களுக்கு ஒரு பந்தும் கறுப்பும் மிச்சம். கறுப்பு குழியின் வாயில். என் முறை.

தலையைத் தூக்கவில்லை. பின்கையை இறுக்கவில்லை. என் வாழ்நாளின் மிகச் சுத்தமான அடி அது. கறுப்பு உள்ளே போனது. நிமிர்ந்து அவளிடம் சொன்னேன்: "ஃபாலோ உன்னுது."

நடுவர் எதிர் ஜோடிக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பந்து ஒன்று மிச்சமிருக்கும்போது கறுப்பைப் போட்டால் ஆட்டம் தோல்வியாம். உலகம் முழுக்க அப்படித்தானாம். ஃபாலோ என்றால் என்ன என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

கூட வந்திருந்த சாம்சன், "கத்தார்ல நான் ஆடுனதே இல்ல சார். டேபிள் தொடைக்கற வேல" என்றார்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊர் நெருங்கும்போது கேட்டாள்:

"அந்தப் பொண்ணு இன்னா ஒசரம் இருக்கும்?"

"தெரியல."

"என் தோளு ஒசரம். அது குனியுது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பெஞ்சுல ஒக்காந்துக்கினு எவன் பாத்தான், எத பாத்தான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பதினெட்டு வருசமா வூடு வூடா போறேன். பாத்தா பாத்துட்டுப் போறான்னு ஆடுனேன். நீங்க அவன வெளிய அனுப்பியிருக்கலாம். என்ன நிமித்திட்டீங்க."

"இளவரசி..."

"கோணமாம்" என்றாள்.

ஆகஸ்டு 24, ஞாயிறு

அவள் வரவில்லை. காவாந்தண்டலத்தில் முகாமாம்.

ஆகஸ்டு 31, ஞாயிறு

முகாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சடையப்பனிடம் சொன்னேன். பல நாள் ஒத்திகை பார்த்து, குரல் நடுங்காமல் சொன்னேன். "நீங்க அன்னிக்குப் பேசினது தப்பு. பெஞ்ச அங்க போட்டது தப்பு. அதனாலதான் அவ வர்றதில்ல."

அவர் உண்மையாகவே திகைத்தார். "ஐயையோ, இன்னா வாத்தியாரே! ஏதோ பேச்சுக்கு சொன்னா நீயும் சிரிச்ச. அன்னிக்கே ஒரு அதட்டு அதட்டி இருந்தா தீந்துது." பிறகு அவரே எழுந்து பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார், சாம்சன் மறுமுனையை. ஜன்னல் பக்கம் நகர்த்தினார்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

இவ்வளவு லேசான பெஞ்ச் என்று எனக்குத் தெரியாது. நான் தூக்கிப் பார்க்கவே இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னேன். எல்லாவற்றையும், நான் சிரித்ததையும். பொறுமையாகக் கேட்டாள்.

"சரிங்க" என்றாள். "ரசம் ஊத்தட்டுமா?"

கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சாம்சன் சுவரில் மூன்றாவது விதியை அடித்துவிட்டார். இரண்டு நாளில் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. ஃபாலோ இல்லாத வெற்றியை இந்த ஊரில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று என் வீடியோவைப் பார்த்தேன். தலை அசையவில்லை. முழங்கை நேராக இருக்கிறது. நன்றாக ஆடுகிறேன். பின்னால் வந்து நின்று சொல்ல ஆள் இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

சாம்சன் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், மாடி பூட்டியிருந்தது. சீக்கிரம் வீடு திரும்பினேன்.

தெருவிலேயே கேரம் காயின் சத்தம் கேட்டது. பரணில் கிடந்த பலகையை எப்போது இறக்கினாள் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தில் இளவரசியும் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரியும் பலகையின் இரண்டு பக்கம். "சிவப்ப எடுத்துட்ட, ஃபாலோ போடு பாக்கலாம் நர்சம்மா" என்று பாக்கியமேரி சீண்டிக்கொண்டிருந்தாள். "வாய மூடிக்கினு பாரு" என்றாள் இளவரசி. அந்தக் குரலை ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் கேட்கவில்லை.

குனிந்தாள். கன்னம் பலகையைத் தொடுமளவு குனிந்து, ஒரு கண்ணை மூடி, தூரத்து மூலையில் இருந்த வெள்ளைக் காயைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன். செருப்பைக் கழற்றினேன், ஒன்று படியில் உருண்டுவிட்டது.

என்னைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். தலைப்பைச் சரிசெய்தாள்.

"வந்துட்டீங்களா? டீ போடறேன்."

"வேணாம். நீ ஆடு."

"முடிஞ்சிதுங்க" என்று எழுந்து போனாள்.

பாக்கியமேரி என்னையும் பலகையையும் பார்த்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை அப்படியே கோட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் பலகையைத் தொடவில்லை. ஃபாலோ பாக்கி இருந்தது.