நீங்கள் தந்த பாதி

அம்மா,

அடுப்பில் பார்லி கொதிக்கிறது. பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டிருக்கிறேன். நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும், அந்த வாசனை எழுந்ததும், வேலை விட்டு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்களைப் பார்க்கிறேன். "ஒடம்பு சூடு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான்," என்பீர்கள். பார்லி, இளநீர், மறுபடியும் பார்லி. கெட்டுப்போன சிறுநீரகத்துக்கு இளநீர் ஆகாது என்று நம் எஸ்டேட்டில் யாருக்குத் தெரியும்? ஒரு குடும்பத்து நோய் முழுவதையும் சூடு என்ற சொல்லுக்குள் அடக்கி வைத்திருந்தோம்.

என் கல்யாணத்துக்கு முன்பே, இது பரம்பரைச் சிறுநீரக நோய் என்ற உண்மையை ஆஸ்பத்திரியில் உங்களுக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். அன்று கால் வீங்கிப் புதுச் செருப்பு ஏறவில்லை. அப்பாவின் சிலிப்பரோடு கோயில் மண்டபத்தில் சம்பந்திகளை வரவேற்றீர்கள். அத்தை விடவில்லை.

"என்னா அண்ணி, அண்ணன் சிலிப்பரையும் புடுங்கிட்டீங்களா?"

"ஆமாலா, சம்பளத்த எப்பவோ புடுங்கியாச்சு. இதுதான் பாக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். என் காதருகே மட்டும் குனிந்து, "மாப்ள வீட்ல இத சொல்லிடாத. பொண்ணுக்கும் வருமான்னு கேப்பாங்க," என்றீர்கள்.

வந்துவிட்டது அம்மா. சென்ற மாதம் ஸ்கேன் திரையில் பார்த்தேன். என் இரண்டு சிறுநீரகங்களிலும் திராட்சைக் கொத்துபோல நீர்க்கட்டிகள்.

கல்லூரியில் உயிரியல் படித்தவள் நான். கருமுட்டை உருவாகும்போது, செல் தன்னிடமுள்ள ஒவ்வொரு மரபணு ஜோடியிலும் ஒன்றை மட்டுமே கொடுக்கும் என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உங்களிடம் நல்ல பிரதி ஒன்றும் பழுதான பிரதி ஒன்றும் இருந்தன. எனக்குப் பழுதானது வந்தது. அதன்பின் அந்த ஒற்றைச் செல் இரண்டாகி, நான்காகி, பிரிவதற்குமுன் ஒவ்வொரு முறையும் அந்தப் பழுதையும் சேர்த்தே பிசகாமல் நகலெடுத்திருக்கிறது. முடியின் வேரில் இருக்கிறது. இதை எழுதும் விரலிலும் இருக்கிறது. வீடு பிடிக்காவிட்டால், இப்போது குடியிருக்கும் புக்கிட் காத்திலை விட்டு வேறு குடியிருப்புத் தாமானுக்குப் போய்விடலாம். இந்த உடம்பை விட்டு எங்கே போவது?

என் மகள் யாழினிக்கு அடுத்த மாதம் நிச்சயம். மாப்பிள்ளைப் பையன் கவினுக்கு ஊர் சுங்கை ரம்பாய். என்னிடமிருந்து அவளுக்குப் போயிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. "நிச்சயம் முடியட்டும்லா. இப்ப சொல்லிக் கெடுத்துக்காத," என்கிறார் உங்கள் மருமகன். நீங்களே பேசுவது போலிருந்தது. உங்கள்மேல் கோபம் வந்தது. அன்று எனக்காக எவ்வளவு பயந்திருப்பீர்கள் என்று நினைத்ததும் அதுவும் நிற்கவில்லை. கோபப்படக்கூட இடமில்லாமல் போயிற்று.

இன்று மாலை அவளிடம் சொல்லிவிட்டேன்.

"பாட்டிக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஸ்கேன் எடுக்கிறதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணுவேன். நீங்க பாட்டுக்கு அப்பாயின்மெண்ட் போட்டு வச்சிடாதீங்க." போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கவின்கிட்ட நானே சொல்றேன். உள்ள வராதீங்கம்மா."

கதவு சாத்தியிருக்கிறது. அவள் குரல் கேட்கிறது, வார்த்தைகள் புரியவில்லை. எந்தப் பாதியை அவளுக்குக் கொடுத்தேன் என்பது என் கையில் இருக்கவில்லை. மறைத்து வைக்கும் பழக்கம் செல்லில் வந்ததல்ல. அதை மட்டும் கொடுக்காமல் இருக்க முடிந்தது. என்னிடம் அது இன்னும் இருக்கிறது அம்மா. அவள் வெளியே வந்ததும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன்.